ஒரே மரத்தை எட்டு முறை சுற்றிய ஸ்கிரிப்ட்: கோப்புத் தேடல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய தமிழ் இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்துணரி மூலம் உரையாக்கி வைத்திருந்த ஒரு தொகுப்பின் சர்வரைப் பகுதிநேரமாகக் கவனித்துவந்த காலத்தில், இரவில் ஓடி முடிய வேண்டிய ஸ்கிரிப்ட் ஒன்று காலையில் அலுவலகம் திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பதாகப் புகார் வந்தது. தொகுப்பில் அப்போது ஏறக்குறைய 3 லட்சம் பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு அளவுப் படம், சுருக்கிய படம், உரைக்கோப்பு என மூன்று கோப்புகளும், சேமிப்புப் பெட்டி தானாகவே உருவாக்கிக்கொள்ளும் சிறுபடம் ஒன்றும் சேர்த்து, மொத்தம் 12 லட்சம் கோப்புகள் ஆண்டு வாரியாகக் கோப்புறைகளில் அடுக்கப்பட்டிருந்தன. மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஐயமுள்ள பக்கத்தின் உரைக்கோப்பில் முதல் வரியாக ‘சரிபார்ப்பு தேவை’ என்று எழுதி வைப்பார்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் நள்ளிரவில் எழுப்பிவிடும் அந்த ஸ்கிரிப்ட் அத்தகைய கோப்புகளைத் தேடியெடுத்து, மறுநாள் வேலைக்கான பட்டியலைத் தயாரிக்கும். வேலை அவ்வளவுதான்.

நள்ளிரவில் தொடங்கி ஒரு மணிக்குள் முடிந்துகொண்டிருந்த இந்த வேலை, ஒரு குறிப்பிட்ட வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாக நீண்டு, காலை எட்டு மணியைத் தொட்டதும் அதற்கு மேல் நீளாமல் நின்றுவிட்டது. பதிவேட்டில் இந்த எண்களை வரிசையாகப் பார்த்தபோதே யாராவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தரவு பெருகுவதால் வரும் தாமதம் இப்படிப் படிப்படியாக ஏறி ஏழு நாளில் நிற்காது. நாங்களோ வட்டு பழுதாகிறது, நெட்வொர்க் மெதுவாகிவிட்டது என்று இரண்டு நாள் வேறு திசையில் அலைந்தோம்.

இந்தக் குறிப்பில் கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான வடிவத்தையே தட்ட வேண்டும்.

ஸ்கிரிப்ட் இருந்த நிலை

தொகுப்பு சில ஆயிரம் பக்கங்களாக இருந்த நாளில் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் அது; அந்த அளவுக்கு அது போதுமானதாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஃபைண்ட் கட்டளை தொகுப்பு முழுவதையும் சுற்றி எல்லாக் கோப்புகளின் பெயரையும் வெளியிடும். அந்தப் பெயர்களைக் குழாய் வழியாக (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு உள்ளீடாகத் தரும் வழி) வாங்கும் கிரெப் என்ற சொல்தேடும் கட்டளை, ‘.டிஎக்ஸ்டி’ என்று முடிபவற்றை மட்டும் வடிகட்டும். கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல், வடிகட்டிய பட்டியல் முழுவதையும் $( ) குறியீட்டின் வழியாக நினைவகத்தில் வாங்கி, ஃபார் சுற்றில் ஒவ்வொன்றாக எடுத்து, கேட் கட்டளையால் திறந்து, இன்னொரு கிரெப்புக்குக் குழாய் வழியாக அனுப்பி, குறிச்சொல் இருக்கிறதா என்று பார்க்கும். வழியில் வரும் பிழைச்செய்திகள் எல்லாம் 2>/டெவ்/நல் என்ற பள்ளத்தில் கொட்டப்பட்டிருந்தன.

இதில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு புராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) பிறக்கின்றன. ஒன்று கேட், மற்றொன்று கிரெப். 3 லட்சம் உரைக்கோப்புகளுக்கு 6 லட்சம் புராசஸ்கள். ஒரு புராசஸைப் பிறப்பித்து, நிரலை ஏற்றி, முடித்துவைக்க ஒரு மில்லிவினாடி என்று தாராளமாக வைத்துக்கொண்டால்கூட, குறிச்சொல்லைத் தேடும் வேலைக்கு முன்பாகவே பத்து நிமிடம் இந்தச் சடங்குக்கே போய்விடுகிறது. ஒரு நிரல் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், கேட்கும் வேலைகளை எண்ணிக் காட்டும் எஸ்டிரேஸ் கருவியை ‘-சி’, ‘-எஃப்’ விருப்பங்களோடு சில நிமிடம் பொருத்திப் பார்த்தபோது, கெர்னலிடம் கேட்கப்பட்ட வேலைகளில் புராசஸைப் பிறப்பித்து, நிரலை ஏற்றி, அது முடியக் காத்திருக்கும் குளோன், எக்ஸெக்வீஈ, வெயிட்4 ஆகிய மூன்றும் மேலே வந்து நின்றன. சொல்லைத் தேடும் நேரம் கணக்கிலேயே தெரியவில்லை.

எனினும் இது பழைய குறை. ஒரு மணி நேரம் எட்டு மணி நேரமானதற்கு இது காரணமாக முடியாது. அந்தக் காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக, கையில் சிக்கிய குறையைத் திருத்தத் தொடங்கிவிடும் ஆசை எங்களுக்கும் வந்தது. பகலில் ஒரு கோப்புறையை மட்டும் எடுத்துச் சோதித்தோம். முதல் ஓட்டம் மெதுவாகவும் இரண்டாவது ஓட்டம் பன்மடங்கு வேகமாகவும் இருந்ததைக் கண்டு, இடையில் செய்த சிறு மாற்றம்தான் வேகத்தைத் தந்தது என்று மகிழ்ந்தோம். மாற்றத்தை நீக்கிவிட்டு மூன்றாவது முறை ஓட்டியபோதும் அதே வேகம் வந்தது. கோப்புறைப் பட்டியலும் கோப்புகளின் உள்ளடக்கமும் ஏற்கெனவே கேஷில், அதாவது நினைவகத்தில் வைக்கப்படும் தற்காலிக நகலில், ஏறியிருந்ததே காரணம். லினக்ஸில் ரூட் அதிகாரத்தோடு /பிராக்/சிஸ்/விஎம்/டிராப்_கேஷஸ் கோப்பில் 3 என்று எழுதினால் அந்தக் கேஷ் காலியாகும். அதைச் செய்யாமல் எடுத்த அளவீடு எதையும் அதன் பின் நாங்கள் நம்பவில்லை.

எட்டு மரங்கள்

உண்மையான காரணம் ஒரு சாதாரணக் கேள்வியில் வெளிப்பட்டது. பட்டியல் தயாரிக்கும் பகுதியின் கடைசியில், பாதையின் முன்பகுதியை வெட்டிவிட்டுச் சார்ட் கட்டளையை ‘-யூ’ விருப்பத்தோடு இயக்கி, இரட்டிப்புகளை நீக்கும் ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று கேட்டதும், உடன் பணியாற்றியவர், ‘சில வாரங்களாக ஒரே பக்கம் பட்டியலில் இரண்டு முறை, மூன்று முறை வருகிறது என்று மெய்ப்புப் பார்ப்பவர்கள் சொன்னார்கள், அதற்காகச் சேர்த்தேன்’ என்றார். 3 லட்சம் உரைக்கோப்புகள் மட்டுமே உள்ள இடத்தில் இரட்டிப்பு எப்படி வரும்? வெட்டப்பட்ட முன்பகுதியை வெட்டாமல் அச்சிட்டுப் பார்த்தோம். தொகுப்பின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் ஒரு ஸ்னாப்ஷாட் கோப்புறை, அதாவது தொகுப்பின் அந்தந்த நேர நிலையை அப்படியே காட்டும் கோப்புறை, இருந்தது. அதற்குள் கடந்த ஏழு நாட்களின் நிலை, நாளுக்கு ஒரு முழு மரமாக, அதாவது கோப்புறைகளின் முழு அடுக்காக, விரிந்திருந்தது. சேமிப்புப் பெட்டியில் யாரோ அந்த வாரத்தில்தான் தினசரி ஸ்னாப்ஷாட் வசதியை இயக்கியிருக்கிறார்கள். நாளுக்கு ஒரு மரம் கூடி, ஏழு கூடியதும் பழையது கழிந்து புதியது சேரும் சுழற்சி தொடங்கியிருக்கிறது. பதிவேட்டில் ஏறி நின்ற எண்களுக்குப் பொருள் அதுதான்.

ஸ்னாப்ஷாட் வட்டில் பெரிதாக இடம் பிடிப்பதில்லை என்பதால் அதைச் செலவில்லாத ஒன்றாக எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. சுற்றிவரும் கட்டளைக்கு அது முழு மரம். ஃபைண்ட் 12 லட்சம் பெயர்களுக்குப் பதிலாக 96 லட்சம் பெயர்களைக் கடந்துகொண்டிருந்தது; கேட் 24 லட்சம் உரைக்கோப்புகளைத் திறந்துகொண்டிருந்தது; புராசஸ்கள் 48 லட்சம் பிறந்து மடிந்தன. பாதை ஒன்றுக்குச் சராசரியாக 100 பைட் என்று கொண்டால், சுற்று தொடங்கும் முன்பே ஷெல் ஏறத்தாழ 240 எம்பி அளவுள்ள சரம் ஒன்றை நினைவகத்தில் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தது.

வேகத்தைவிட எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. திருத்தி முடித்து, குறிச்சொல்லை நீக்கிய பக்கங்களும் ஒரு வாரம் வரை பட்டியலில் வந்துகொண்டே இருந்தன; ஏனென்றால் நேற்றைய, முந்தாநாளைய மரங்களில் அந்தக் குறிச்சொல் அப்படியே இருந்தது. மெய்ப்புப் பார்ப்பவர்கள் இதைக் கணினியின் தாமதம் என்று எண்ணி, தாங்கள் முடித்த பக்கங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, பட்டியலோடு ஒப்பிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரட்டிப்பை நீக்கும் அந்த ஒரு வரி, நோயைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய அறிகுறியை மறைத்துவிட்டது.

உள்ளே போகாமல் தடுப்பது

முதலில் செய்த திருத்தம் தவறானது. தவறு எங்கே என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதே தவறைப் பல ஸ்கிரிப்டுகளில் பார்த்திருக்கிறேன். ஃபைண்டோடு ‘-நாட் -பாத்’ என்ற நிபந்தனையைச் சேர்த்து, ஸ்னாப்ஷாட் பாதையில் உள்ளவற்றை விலக்கினோம். பட்டியல் சரியாகிவிட்டது, கிரெப்புக்குப் போகும் கோப்புகளும் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தன. ஆனால் ஃபைண்ட் மட்டும் முன்பு எடுத்துக்கொண்ட அதே நேரத்தை எடுத்துக்கொண்டது. அந்த நிபந்தனை, கண்ட பெயரை அச்சிடலாமா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. கோப்புறைக்குள் இறங்கலாமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே நுழைந்து, எல்லோரையும் பார்த்துவிட்டு, ‘இவர்கள் கணக்கில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு வருவதைப் போன்றது அது.

வாசலிலேயே திரும்புவதற்கான சொல் ‘-புரூன்’. திருத்திய வரி இப்படி அமைந்தது:

ஃபைண்ட் /தொகுப்பு -டைப் டி \( -நேம் .ஸ்னாப்ஷாட் -ஓ -நேம் சிறுபடம் \) -புரூன் -ஓ -டைப் எஃப் -நேம் '*.டிஎக்ஸ்டி' -பிரிண்ட்0

‘கோப்புறையாக இருந்து, பெயர் இந்த இரண்டில் ஒன்றானால், உள்ளே போகாதே; இல்லையென்றால், அது உரைக்கோப்பாக இருக்கும்போது அதன் பெயரை வெளியிடு’ என்பது இதன் பொருள். இடையிலுள்ள ‘-ஓ’ என்பது ‘அல்லது’. கடைசியில் உள்ள அச்சிடும் செயலை வெளிப்படையாக எழுதுவது இங்கே கட்டாயம். அதை விட்டுவிட்டால், ஃபைண்ட் தானாகவே முழு நிபந்தனையையும் அடைப்புக்குள் போட்டு, அதற்கு வெளியே ஓர் அச்சிடும் செயலைச் சேர்த்துக்கொள்ளும். அப்போது தவிர்க்கச் சொன்ன கோப்புறைகளின் பெயர்களும் விடையில் வந்து நிற்கும். எங்களுக்கும் முதல் முறை வந்தது.

ஃபைண்டின் இந்த விசித்திரமான இலக்கணம் யுனிக்ஸின் மற்றக் கட்டளைகளோடு ஒட்டாமல் நிற்பது பலரும் அறிந்ததே. 1970களின் நடுவில் பெல் ஆய்வகத்தின் புரோகிராமர்ஸ் ஒர்க்பெஞ்ச் பணியில் டிக் ஹெய்ட் எழுதிய கட்டளை இது. அதே காலத்தில் அவர் எழுதிய சிபிஐஓ என்ற காப்பெடுக்கும் கருவிக்குப் பெயர்ப் பட்டியலை ஊட்டுவது இதன் முக்கியமான பயன்களில் ஒன்று. விருப்பங்கள் போலத் தோன்றும் சொற்கள் உண்மையில் இடமிருந்து வலமாக மதிப்பிடப்படும் ஒரு சிறு மொழியின் உறுப்புகள் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இடமிருந்து வலம் என்பதால், செலவு குறைந்த சோதனையை முன்னால் வைக்க வேண்டும் என்ற அறிவுரையும் வழங்கிவருகிறது. பெயரைப் பார்க்க, கோப்புறைப் பட்டியலில் உள்ள தகவலே போதும். அளவையோ நேரத்தையோ பார்க்க ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைக் கேட்கும் ஸ்டாட் அழைப்பு வேண்டும், நெட்வொர்க் வழியாக இணைந்த வட்டில் அது சர்வர் வரை போய் வரும் பயணமாகவும் ஆகலாம். அறிவுரை சரியே. ஆனால் லினக்ஸில் வழக்கமாக உள்ள குனூ ஃபைண்ட் பெயர் சார்ந்த சோதனைகளைத் தானாகவே முன்னால் நகர்த்திக்கொள்கிறது. ஆகவே எங்கள் வழக்கில் இடம் மாற்றியதால் அளக்கத்தக்க பயன் எதுவும் கிட்டவில்லை.

ஒவ்வொன்றாக அழைப்பதும் கூட்டமாக அழைப்பதும்

சுற்றும் பரப்பு குறைந்ததும் ஸ்கிரிப்ட் பழைய ஒரு மணி நேரத்துக்குத் திரும்பிவிட்டது. புகார் தீர்ந்தது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 6 லட்சம் புராசஸ்கள் கண்ணை உறுத்தின.

கேட் முற்றிலும் வேண்டாத இடைத்தரகர். கிரெப்பே கோப்பைத் திறக்கும். ஒரு கிரெப் ஒரே அழைப்பில் ஆயிரக்கணக்கான கோப்புகளை வாங்கிக்கொள்ளும். அதன் ‘-எல்’ விருப்பம் பொருந்திய கோப்பின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, முதல் பொருத்தத்திலேயே அந்தக் கோப்பை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். குறிச்சொல் முதல் வரியிலேயே இருக்கும் எங்கள் கோப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆகவே ஃபைண்டின், கண்ட கோப்புகள் மீது வேறொரு கட்டளையை இயக்கும் ‘-எக்ஸெக்’ செயலை, முடிவில் அரைப்புள்ளிக்குப் பதிலாகக் கூட்டல் குறி இட்டு எழுதினோம். அரைப்புள்ளி இட்டால் கோப்புக்கு ஒரு கிரெப்; கூட்டல் குறி இட்டால் கட்டளை வரி கொள்ளும் அளவுக்குப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கிரெப். பெயர்ப் பட்டியலை வாங்கி இப்படிக் கூட்டமாக ஒரு கட்டளைக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸ் வழக்கமாக ஒரு வரிக்கு 128 கேபி வரை நிரப்பும். ஃபைண்டும் ஏறத்தாழ அதே அளவில்தான் கட்டுகிறது. 100 பைட் பாதைகள் 3 லட்சம் என்றால் 30 எம்பி. அதை 128 கேபி வீதம் வெட்டினால் 230 அளவில் அழைப்புகள் வரும். 6 லட்சம் எங்கே, 230 எங்கே!

தேடுவது சுருங்குறித்தொடர் (பல சொற்களுக்குப் பொருந்தும் தேடல் வடிவம்) அல்ல, நிலையான சொல் என்பதால் ‘-எஃப்’ விருப்பத்தையும் சேர்த்தோம். மொழிச்சூழலைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியைச் சி என்று அமைத்தால் கிரெப் வேகமாகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிலையான தமிழ்ச் சொல்லைத் தேடும்வரை அதில் ஆபத்து இல்லை, ஏனெனில் ஒருங்குறியின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு குறியீட்டின் பைட்டுகள் மற்றொன்றின் நடுவில் தவறாகப் பொருந்த வழியில்லை. ஆனால் தேடல் தொடரில் ஒரு புள்ளியோ, சதுர அடைப்புக்குள் தமிழ் எழுத்துகளோ வந்துவிட்டால் கதை மாறும்: சி மொழிச்சூழலில் புள்ளி என்பது ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். டெர்மினலில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் மட்டும் வேறு விடை தருவதற்கும் இதுவே காரணமாவதுண்டு. டெர்மினலில் நமக்குத் தமிழோ ஆங்கிலமோ யுடிஎஃப்-8 சூழல் இருக்கும். கிரானுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. எனவே மொழிச்சூழலை ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதி வைத்தோம்.

இந்த மாற்றத்தை இட்ட அன்றிரவு ஸ்கிரிப்ட் நடுவழியில் செத்தது. தலையில் ‘செட் -ஈ’ இருந்தது. அதாவது ஏதேனும் ஒரு கட்டளை தோல்வி என்று திரும்பினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கிரெப் எதையும் காணாவிட்டால் 1 என்று திரும்பும், அது பிழை அன்று, பிழையென்றால் 2. பழைய ஸ்கிரிப்டில் அந்தக் கிரெப் இஃப் நிபந்தனைக்குள் இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்போதோ 230 அழைப்புகளில் ஒன்றே ஒன்று எதையும் காணாமல் 1 என்று திரும்பினாலும், கூட்டல் குறி வடிவத்தில் ஃபைண்ட் முழுவதும் தோல்வி என்று திரும்புகிறது. எக்ஸ்ஆர்க்ஸைப் பயன்படுத்தினாலும் விடுதலை இல்லை; அது 123 என்ற எண்ணைத் தரும், ‘காணவில்லை’ என்பதையும் ‘திறக்க முடியவில்லை’ என்பதையும் ஒரே எண்ணில் கலந்துவிடும். இறுதியில் கிரெப்பை ஒரு சிறிய ஷெல் துண்டுக்குள் வைத்து, 1 வந்தால் 0 ஆக மாற்றி, 2 வந்தால் அப்படியே மேலே அனுப்பினோம். கூடவே /டெவ்/நல் பள்ளத்தையும் மூடிவிட்டு, பிழைச்செய்திகள் பதிவேட்டுக்குப் போகும்படி செய்தோம்.

அந்தப் பதிவேடு மறுநாள் காலையில் வேறொரு செய்தியைச் சொன்னது.

தீபாவளி மலரும் பொங்கல் மலரும்

மிச்சமிருந்த துணை ஸ்கிரிப்ட் ஒன்று இன்னும் பழைய ஃபார் சுற்றிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிழைச்செய்திகளும் இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. ‘/தொகுப்பு/1956/தீபாவளி’ என்று ஒரு கோப்பு இல்லை; ‘மலர்/012.டிஎக்ஸ்டி’ என்று ஒரு கோப்பு இல்லை. கோப்புறையின் பெயர் ‘தீபாவளி மலர்’. மேற்கோள் குறி இல்லாமல் விரியும் $( ) விடையை ஷெல் இடைவெளி காணுமிடமெல்லாம் வெட்டிவிடும் என்பதால், சிறப்பு மலர்களின் பக்கங்கள் அத்தனையும் தொடக்க நாளிலிருந்தே எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. மலர்களில் ஐயமே எழுவதில்லை போலும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

யுனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் வர முடியாதவை இரண்டே: சாய்கோடும் சுழி பைட்டும். புதுவரிக் குறிகூட வரலாம். ஆகவே பெயர்களைப் பிரித்துக் காட்ட நம்பத்தக்க ஒரே எல்லைக்கல் சுழி பைட்தான். ‘-பிரிண்ட்0’ என்று வெளியிட்டு, எக்ஸ்ஆர்க்ஸை ‘-0’ என்று வாங்கச் சொல்வது பல ஆண்டுகளாகக் குனூ, பிஎஸ்டி கருவிகளில் இருந்த வசதி. யுனிக்ஸ் கருவிகளுக்கான போசிக்ஸ் தரத்திலும் 2024 பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. ஷெல் சுற்றே வேண்டுமென்றால், சொற்களைப் பிரிக்கும் குறிகளைச் சொல்லும் ஐஎஃப்எஸ் மாறியை வெறுமையாக்கி, ரீட் கட்டளைக்கு ‘-ஆர்’, ‘-டி’ விருப்பங்களைத் தந்து, எல்லைக்குறியாக வெற்று மேற்கோளை வைக்க வேண்டும். குனூ எக்ஸ்ஆர்க்ஸில் ‘-ஆர்’ விருப்பத்தையும் மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டால், உள்ளீடு எதுவும் வராதபோதும் அது கட்டளையை ஒரு முறை இயக்கிவிடும்.

தீபாவளி மலர் வந்துவிட்டது. பொங்கல் மலர் பாதிதான் வந்தது. ‘-நேம்’ சோதனையில் *பொங்கல்* என்று தந்து சிறப்பிதழ்களைத் தேடியபோது, திரையில் அதே பெயருடன் நிற்கும் சில கோப்புறைகளை ஃபைண்ட் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு பெயர்களையும் தனித்தனியே டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பிப் பைட்டுகளை எண்ணியபோதுதான் விளங்கியது: ஒன்றில் ‘பொங்கல்’ என்ற சொல் 21 பைட், மற்றொன்றில் 24 பைட். ஒருங்குறியில் ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. கெர்னலுக்கும் ஃபைண்டுக்கும் அந்த நிகர்மை தெரியாது, அவை பார்ப்பது பைட்டுகளைத்தான். ‘ோ’, ‘ௌ’ ஆகியவற்றுக்கும் இதே நிலை. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் வைப்பது. அத்தகைய வட்டுகளிலிருந்து வந்த பெயர்கள் எங்கள் சர்வரில் பிரித்த வடிவிலேயே அமர்ந்துவிட்டன.

தேடும் இடத்தில் இரண்டு வடிவங்களையும் எழுதிச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும். கோப்பு உள்ளே நுழையும் வாசலிலேயே பெயரைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிடும்படி செய்தோம். கன்வ்எம்வி என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. அது இயல்பாகப் பெயரை மாற்றாமல், என்ன மாற்றும் என்பதை மட்டும் காட்டும் என்பதால், மாற்றத்துக்கு முன் பட்டியலைக் கண்ணால் பார்க்க முடிந்தது. (தமிழில் நீண்ட தலைப்பையே கோப்புப் பெயராக வைப்பவர்கள் கவனிக்க: லினக்ஸின் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் பெயரின் உச்ச அளவு 255 பைட், அதில் 85 தமிழ்க் குறியீடுகளுக்கே இடம் உண்டு, உயிர்மெய்கள் பலவும் இரண்டு குறியீடு என்பதால் கண்ணால் காணும் எழுத்துகள் இன்னும் குறைவு.)

உள்ளடக்கத்திலும் இதே வகைக் கண்ணாமூச்சி இருந்தது. தொடக்க காலக் கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தன. யுடிஎஃப்-8 இல் தரும் சொல்லைக் கிரெப் அவற்றில் எத்தனை முறை தேடினாலும் காணாது, பிழையும் சொல்லாது. குனூ சி நூலகத்தோடு வரும், குறியாக்கம் மாற்றும் ஐகன்வ் டிஸ்கியை அறியும்; ஒரு முறை உட்கார்ந்து அவற்றை மாற்றி முடித்தோம்.

நேற்றிலிருந்து மாறியவை மட்டும்

3 லட்சம் கோப்புகளை ஒவ்வோர் இரவும் திறப்பதற்கு நியாயம் இல்லை. நாளுக்குச் சில நூறு கோப்புகளே மாறுகின்றன. மாறியவற்றை மட்டும் பார்த்து, ஏற்கெனவே உள்ள பட்டியலில் அவற்றுக்குரிய வரிகளை நீக்கி, குறிச்சொல் இருந்தால் மீண்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். இங்கே ‘-எம்டைம் -1’ என்ற சோதனையே எல்லோருக்கும் முதலில் கைவருகிறது, எங்களுக்கும் அப்படித்தான். அது கட்டளை ஓடும் கணத்திலிருந்து 24 மணி நேரத்தைக் கணக்கிடுவது; ஒரு நாள் சர்வர் நின்றுவிட்டால் அந்த நாளின் மாற்றங்கள் ஓசையின்றி விடுபடும். அதற்குப் பதிலாக, சுற்றத் தொடங்கும் முன் ஒரு முத்திரைக் கோப்பைத் தொட்டு வைத்து, எல்லாம் வெற்றியாக முடிந்த பின்பே அதைப் பழைய முத்திரையின் இடத்துக்கு நகர்த்தினோம். தொடக்க நேரத்தையே முத்திரையாகக் கொள்வதால், ஓட்டத்தின் நடுவில் வந்த கோப்பு மறுநாள் மீண்டும் ஒரு முறை பார்க்கப்படும், விடுபடாது. முத்திரைக் கோப்பைத் தொகுப்பு இருக்கும் அதே வட்டில் வைத்தது, இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பேசவேண்டிய தொல்லையைத் தவிர்க்க.

முத்திரையோடு ஒப்பிட, உள்ளடக்க மாற்ற நேரத்தைப் பார்க்கும் ‘-நியூவர்’ சோதனை போதாது. தன்னார்வலர்கள் வெளி வட்டுகளிலிருந்து ஆர்சிங்க் ‘-ஏ’ மூலம் நகலெடுக்கும்போது உள்ளடக்க மாற்ற நேரம் பழையபடியே காக்கப்படுவதால், இன்று வந்த கோப்பு மூன்று மாதம் பழையதாகத் தோன்றும். கோப்பின் நிலைமாற்ற நேரமான சி-டைமை அப்படிப் பின்தேதியிட முடியாது, ஆகவே ‘-சிநியூவர்’. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அதே வட்டுக்குள் ஒரு கோப்புறையை அப்படியே வேறிடத்துக்கு நகர்த்தினால், உள்ளிருக்கும் கோப்புகளின் சி-டைம் அசைவதில்லை. தற்காலிக இடத்தில் தயாரித்து, முடிந்ததும் தொகுப்புக்குள் தள்ளிவிடப்படும் இதழ்கள் அப்படித்தான் வருகின்றன. அதற்காக ஞாயிறு இரவு மட்டும் முத்திரையைப் பொருட்படுத்தாத முழுச் சுற்று ஒன்றை வைத்தோம். அழிக்கப்பட்ட கோப்புகளைப் பட்டியலிலிருந்து கழிப்பதும் அதன் வேலை.

எடுத்துக்கொள்ளாத வழிகள்

லொகேட்டைப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி எழுந்தது. மரத்தைச் சுற்றாமல், முன்பே கட்டிவைத்த பெயர்க்கோவையில் தேடும் இந்த எண்ணத்தை 1983இல் ஜேம்ஸ் வுட்ஸ் விளக்கி எழுதினார். இன்றைய பிலொகேட் அதை மிகச் சிறப்பாகச் செய்கிறது. டெர்மினலில் அமர்ந்து ‘அந்தக் கோப்பு எங்கே வைத்தேன்’ என்று தேடும் மனிதருக்கு இதைவிட நல்லதில்லை. ஆனால் பெயர்க்கோவை கட்டப்பட்ட நேரத்தின் உலகத்தையே அது காட்டும். நெட்வொர்க் வட்டுகளைப் பல லினக்ஸ் பதிப்புகளின் இயல்பான அமைப்பு அந்தக் கோவையில் சேர்ப்பதும் இல்லை.

ரிப்கிரெப், எஃப்டி ஆகிய புதிய தேடல் கருவிகளையும் பார்த்தோம். இரண்டும் வேகமானவை, கைவேலைக்கு நானே அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மறைகோப்புகளையும், புறக்கணிப்புப் பட்டியலில் உள்ளவற்றையும் அவை கேட்காமலே தவிர்க்கின்றன. ‘ஏன் வரவில்லை’ என்று ஆறு மாதம் கழித்துத் தேடப்போகும் ஒருவருக்கு அது நல்ல பரிசன்று. ஸ்கிரிப்டில் இடுவதானால் அந்தத் தவிர்ப்புகளை வெளிப்படையாக அணைத்துவிட்டு இட வேண்டும். எக்ஸ்ஆர்க்ஸின் ‘-பி’ விருப்பத்தால் நான்கு கிரெப்புகளை இணையாக ஓட்டிய சோதனையில் நேரம் குறைந்தது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

வார நாட்களில் ஸ்கிரிப்ட் இப்போது தேநீர் ஆறும் முன் முடிந்துவிடுகிறது. இரட்டிப்பை நீக்கும் அந்த வரியை மட்டும் உடனே எடுத்துவிடவில்லை. எத்தனை வரிகளை அது நீக்கியது என்ற எண்ணைப் பதிவேட்டில் எழுதும்படி மாற்றி, ஒரு மாதம் வைத்திருந்தோம். நாள்தோறும் சுழியே வந்தது. அதன் பிறகு வரியை நீக்கினோம். மெய்ப்புப் பார்ப்பவர்களும் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்கள்.